அப்பாவுக்கு முதுகெலும்பில் கிருமித்தொற்று. ஆன்டிபயாடிக் ஏன் இன்னும் தொடங்கவில்லை?

கயல் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 64 வயது, நீண்ட நாள் சர்க்கரை நோயாளி. சில வாரங்களாக இடுப்புக்குச் சற்று மேலே முதுகெலும்பில் வலி என்று சொல்லிக்கொண்டிருந்தார். தசைப்பிடிப்பு என்றார்கள். வலி மாத்திரை, ஒத்தடம், ஓய்வு என்று போனது. எக்ஸ்ரேயில் வயதுக்கேற்ற தேய்மானம்தான், வேறொன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

வலி குறையவே இல்லை. பகலைவிட இரவில்தான் அதிகம். புரண்டு படுக்க முடியாமல் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருப்பார். சாப்பாடு இறங்கவில்லை, ஆள் இளைத்துவிட்டார். காய்ச்சல் மட்டும் ஒரு நாளும் இல்லை. இதற்கெல்லாம் கொஞ்சம் முன்னால் பாதத்தில் ஒரு கொப்புளம் பழுத்து உடைந்து ஆறியது. அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்று தெரியாது.

வேறு ஒரு மருத்துவர் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார். இடுப்புப் பகுதியின் மூன்றாம், நான்காம் எலும்புகளிலும் நடுவில் மெத்தை போல உள்ள டிஸ்கிலும் தொற்று, பக்கத்துத் தசைக்குள் சிறிய சீழ்க்கட்டி என்று அறிக்கை வந்திருக்கிறது. உடம்பில் அழற்சி இருப்பதைக் காட்டும் இரத்தச் சோதனைகளும் அதிகம்: ஈ.எஸ்.ஆர். 92, சி.ஆர்.பி. 78. உடனே சேர்த்துவிட்டார்கள். இரத்தம் எடுத்து கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு, அனுப்பியிருக்கிறார்கள். அதில் கிருமி வளரவில்லை என்றால் சி.டி. ஸ்கேன் பார்த்தபடி ஊசி போட்டு எலும்பிலிருந்து சிறு துண்டு (பயாப்ஸி) எடுப்பார்களாம். அதுவரை ஆன்டிபயாடிக் கிடையாது என்கிறார்கள்.

தொற்று என்று தெரிந்த பிறகும் மருந்து கொடுக்காமல் வைத்திருப்பது சரியா? வீட்டில் எல்லாரும் என்னைத்தான் கேட்கிறார்கள். காய்ச்சல் இல்லாமல் இப்படி ஒரு தொற்று வருமா? ஆபரேஷன் வரை போகுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

இளவேனில்

கேட்கவே கஷ்டமாக இருக்கிறது கயல். சர்க்கரை நோயாளிக்கு ஒரு நாள் தாமதம்கூட ஆபத்து. மருத்துவரிடம் கண்டிப்பாகப் பேசி இன்றைக்கே ஆன்டிபயாடிக் ஊசியைத் தொடங்கச் சொல்லுங்கள். மறுத்தால் வேறு இடத்துக்கு மாற்றிவிடுங்கள். ரிசல்ட் வந்த பிறகு மருந்தை மாற்றிக்கொள்ளலாமே.

வார்டு அக்கா

கயல், நான் முதுகெலும்பு அறுவைச் சிகிச்சை வார்டில் நர்ஸ். அப்பாவைப் போல வந்து படுத்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இளவேனில் அக்கறையோடுதான் சொல்கிறார், ஆனால் தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். உங்கள் மருத்துவர் செய்வதுதான் சரியான முறை. கால் பலம் குறையாமல், இரத்த அழுத்தம் இறங்காமல் இருக்கிற நோயாளிக்கு, கிருமி எது என்று பிடித்த பிறகுதான் மருந்து. பிடிப்பதற்கு முன்னால் ஒரே ஒரு ஆன்டிபயாடிக் ஊசி போட்டால்கூட கல்ச்சரில் கிருமி வளராமல் போகலாம். உடம்பில் கிருமி அப்படியே இருக்கும், பாட்டிலில் மட்டும் வளராது. அப்புறம் எந்தக் கிருமி என்றே தெரியாமல், எல்லாவற்றுக்கும் சேர்த்து வலுவான மருந்துகளை வாரக்கணக்கில் ஏற்ற வேண்டிவரும். சர்க்கரையுள்ளவரின் சிறுநீரகம் அதைத் தாங்க வேண்டுமே.

முதுகெலும்புக்கு வருகிற கிருமி ஒன்றிரண்டு இல்லை. அதிகம் வருவது ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ். நம் தோலிலும் மூக்கிலும் சாதாரணமாகவே இருக்கிற கிருமி அது. கொப்புளம், புண், ஊசி குத்திய இடம் வழியாக இரத்தத்தில் கலந்து எலும்பில் போய் உட்காரும். அப்பாவின் பாதக் கொப்புளத்தை மருத்துவரிடம் சொன்னீர்களா? சொல்லவில்லை என்றால் இன்றே சொல்லுங்கள். சிறுநீர்த் தொற்றிலிருந்து வந்தால் பெரும்பாலும் ஈ. கோலை. இதய வால்வில் தொற்று இருப்பவர்களுக்கு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகைகள் வரும். கால்நடைகளோடு பழகுகிறவர்களுக்கும் காய்ச்சாத பால் குடிப்பவர்களுக்கும் புரூசெல்லா. இவை தவிர காசநோய்க் கிருமி. ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு, எத்தனை நாள் என்பதும் வேறு. காசநோய்க்கு மாதக்கணக்கில் கூட்டு மருந்து வேண்டும். ஸ்டஃபைலோகாக்கஸுக்கான ஊசி காசநோயை ஒன்றும் செய்யாது.

காய்ச்சல் விஷயம். இந்த நோயில் ஏறக்குறைய பாதிப் பேருக்குக் காய்ச்சலே இருப்பதில்லை. வலிக்காகத் தினமும் பாராசிட்டமால் சாப்பிடுகிறவர்களுக்கு வந்தாலும் தெரியாது. அதனால்தான் இத்தனை பேர் தசைப்பிடிப்பு என்ற பெயரில் வாரக்கணக்கில் அலைகிறார்கள். நான் கவனிப்பது வலியின் குணத்தை. சாதாரண முதுகுவலி படுத்தால் அடங்கும். இது படுத்தாலும் அடங்காது, இரவில் ஏறும், நாளுக்கு நாள் கூடும். முதுகெலும்பின் மேல் விரலால் மெல்லத் தட்டினால் ஒரே இடத்தில் துடித்துப்போவார்கள். கூடவே பசியின்மை, எடை குறைவு. நீங்கள் எழுதியிருப்பது அப்படியே அதுதான்.

எக்ஸ்ரேயைக் குறை சொல்ல முடியாது. எலும்பு நன்றாக அரிக்கப்பட்ட பிறகுதான் அதில் தெரியும், அதற்கு இரண்டு முதல் நான்கு வாரம்கூட ஆகலாம். எம்.ஆர்.ஐ.யில் சீக்கிரமே தெரிந்துவிடும். அறிக்கையில் இரண்டு எலும்புகளையும் நடுவில் உள்ள டிஸ்கையும் சேர்த்துச் சொல்லியிருப்பதற்கும் காரணம் உண்டு. பெரியவர்களின் டிஸ்கில் இரத்த ஓட்டம் இல்லை. கிருமி முதலில் எலும்பின் ஓரத் தட்டில், நுண்ணிய இரத்தக் குழாய்கள் முடிகிற இடத்தில் தங்கும். அங்கிருந்து டிஸ்கை அரித்துக்கொண்டு அடுத்த எலும்புக்குத் தாவும். புற்றுநோய்க் கட்டி என்றால் பெரும்பாலும் எலும்பைத்தான் தின்னும், டிஸ்கை விட்டுவைக்கும். அதனால் டிஸ்க் கெட்டிருப்பது தொற்று என்பதற்கு வலுவான அடையாளம்.

சரி, எப்போது காத்திருக்கக் கூடாது? இதைத்தான் நீங்கள் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். சீழ் நரம்புகளை அழுத்தத் தொடங்கினால் கணக்கு நாட்களில் இல்லை, மணிகளில். முதலில் முதுகுவலி, பிறகு காலுக்கு இறங்கும் மின்சாரம் போன்ற வலி, பிறகு பலவீனம், சிறுநீர் வராமை, கடைசியில் செயலிழப்பு. கடைசிப் படிக்குப் போய்விட்டால் ஆபரேஷன் செய்தாலும் பலம் திரும்பும் என்று சொல்ல முடியாது.

எங்கள் வார்டில் ஒவ்வொரு ஷிப்டிலும் நான் செய்வதை எழுதுகிறேன், உங்களுக்கும் கஷ்டமில்லை. அப்பா படுத்திருக்கும்போது பாதத்துக்கடியில் உள்ளங்கையை வைத்து, "கையைத் தள்ளுங்கள்" என்று சொல்லுங்கள். பிறகு கால் பெருவிரலை மேலே தூக்கச் சொல்லி, உங்கள் விரலால் கீழே அழுத்திப் பாருங்கள். அடுத்தது அப்பாவுக்கு மிக முக்கியம்: முழங்காலுக்கு அடியில் ஒரு தலையணையை மடித்து வைத்து, பாதத்தைத் தூக்கிக் காலை நேராக நீட்டச் சொல்லுங்கள். தொற்று மூன்றாம், நான்காம் எலும்புகளில் இருப்பதால் முழங்காலை நீட்டுகிற பலம்தான் முதலில் குறைய வாய்ப்பு. இரண்டு காலையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். வலியால் தூக்க முடியாததும் பலமே இல்லாததும் வேறு வேறு. வலி என்றால் ஒரு நொடி தூக்கிவிட்டு விடுவார்கள். பலம் போயிருந்தால் வலிக்காமலேயே கால் எழாது.

தொடை இடுக்கிலும் உட்காரும் இடத்திலும் துணியால் தொட்டால் உணர்வு இருக்கிறதா என்று கேளுங்கள். கேட்கக் கூச்சமாக இருந்தால் நர்ஸிடம் சொல்லுங்கள், நாங்கள் கேட்போம். சிறுநீர் சொட்டுச் சொட்டாக வருகிறது, அடிவயிறு உப்பியிருக்கிறது என்றால், "வயசாச்சு, புராஸ்டேட்" என்று அவரே சமாதானம் சொல்வார். அதை ஏற்காதீர்கள்.

இவற்றில் எது புதிதாக வந்தாலும், நடுக்கத்தோடு குளிர் எடுத்தாலும், பேச்சு குழம்பினாலும் நடுஇரவானாலும் மணியை அடியுங்கள். அப்போது பயாப்ஸிக்காக யாரும் காத்திருக்க மாட்டார்கள். இரத்தக் கல்ச்சரை எடுத்த கையோடு மருந்து தொடங்கும், சர்ஜனும் வந்து பார்ப்பார்.

ஆபரேஷன் பற்றி இப்போதே பயப்பட வேண்டாம். பெரும்பாலானவர்களுக்கு மருந்திலேயே குணமாகிறது. நரம்பு அழுத்தப்பட்டால், எலும்பு நொறுங்கி முதுகு நிலைகுலைந்தால், மருந்து கொடுத்தும் தொற்று அடங்காவிட்டால், அப்போதுதான் கத்தி. தசையில் உள்ள சிறிய சீழ்க்கட்டி பெரும்பாலும் மருந்திலேயே வற்றிவிடும். பெரிதானால் ஸ்கேன் பார்த்துக் குழாய் வைத்து வடிப்பார்கள்.

இன்னொன்று, இதைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. ஆன்டிபயாடிக்கைத்தான் நிறுத்தி வைத்திருக்கிறார்கள், வலி மருந்தை இல்லை. வலி மருந்தால் கல்ச்சருக்கு ஒரு கெடுதலும் கிடையாது. ரிசல்ட் வரட்டும் என்று அவர் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தால், போதுமான வலி மருந்து எழுதச் சொல்லிக் கேளுங்கள். அது அவருடைய உரிமை. வலுவான வலி மருந்து மலச்சிக்கல் தரும், அதற்கான மருந்தையும் சேர்த்தே கேட்டுவிடுங்கள். புரட்டும்போது தோளையும் இடுப்பையும் ஒரே நேரத்தில், நடுவில் முறுகாமல் திருப்ப வேண்டும். இரண்டு பேர் வேண்டும். ஒருவராக இழுக்காதீர்கள்.

முத்துவேல்

வார்டு அக்கா சொல்வதை நான் அனுபவத்தில் ஒப்புக்கொள்கிறேன். என் மனைவிக்கு நடுமுதுகில் வந்தது. ஸ்கேனைப் பார்த்துச் சாதாரண கிருமியாகத்தான் இருக்கும் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். பயாப்ஸியில் காசநோய் என்று வந்தது. நுரையீரலில் ஒன்றும் இல்லை, இருமலும் இல்லை, அதனால் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. எலும்புத் துண்டை கல்ச்சருக்கு மட்டுமில்லாமல் காசநோயைக் கண்டறியும் ஜீன் சோதனைக்கும் திசு ஆய்வுக்கும் சேர்த்து அனுப்பியிருந்தார்கள். ஜீன் சோதனையின் முடிவு சீக்கிரமே வந்துவிட்டது. கல்ச்சர் வளர வாரக்கணக்கில் ஆனது. அப்பாவுக்கு பயாப்ஸி எடுத்தால் இவற்றுக்கும் அனுப்புகிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

முதுகெலும்புக் காசநோய்க்குப் பாட்ஸ் நோய் என்று ஒரு பெயர் உண்டு. பெர்சிவல் பாட் என்ற ஆங்கிலேய சர்ஜன் 1779-இல் எழுதி வைத்ததால் வந்த பெயர். அந்தக் காலத்தில் காசநோய்க் கிருமியைக் கொல்லும் மருந்தே இல்லை. இன்று ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின், பைராசினமைடு, எத்தாம்பியூட்டால் என்று நான்கு மருந்தில் தொடங்குகிறார்கள். ரிஃபாம்பிசினால் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும், இரத்தம் என்று அவள் அலறிவிட்டாள். முன்கூட்டியே யாராவது சொல்லியிருந்தால் அந்தப் பயம் மிச்சம். எத்தாம்பியூட்டால் கண் பார்வையைப் பாதிக்கக்கூடும் என்பதால் சிவப்பும் பச்சையும் சரியாகத் தெரிகிறதா என்று அடிக்கடி பார்த்தார்கள். இப்போது நிமிர்ந்து நடக்கிறாள், தன் வேலைகளைத் தானே செய்துகொள்கிறாள்.

கயல்

எல்லாருக்கும் நன்றி. அக்கா, நீங்கள் எழுதியதை அச்செடுத்துத் தம்பியிடம் கொடுத்துவிட்டேன், இரவில் அவன்தான் கூட இருக்கிறான். வலி மருந்தைக் கூட்டச் சொன்னோம், நேற்று நன்றாகத் தூங்கினார். கால் பலம் குறையவில்லை.

இரத்தக் கல்ச்சரிலேயே கிருமி வளர்ந்துவிட்டது. ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ்தான், சாதாரண மருந்துக்குக் கட்டுப்படுகிற வகையாம். பயாப்ஸி வேண்டாம் என்று சொல்லி செஃபசோலின் என்ற ஆன்டிபயாடிக் ஊசியைத் தொடங்கிவிட்டார்கள். மூச்சுவிட முடிகிறது. ஆனால் இப்போது இதயத்துக்கு எக்கோ (ஒலி அலை ஸ்கேன்) எடுக்க வேண்டும் என்கிறார்கள், இரத்தக் கல்ச்சரையும் திரும்ப எடுத்திருக்கிறார்கள். முதுகில் தொற்று இருக்கும்போது இதயத்துக்கு எதற்கு? ஆறு வாரம் ஊசி என்கிறார்கள், அது போதுமா? முடிந்ததும் எம்.ஆர்.ஐ. எடுத்து முழுக்கப் போய்விட்டதா என்று பார்த்துவிட வேண்டும் என்று சித்தப்பா சொல்கிறார்.

வார்டு அக்கா

கயல், ரொம்ப சந்தோஷம். இரத்தத்திலேயே ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் கிடைத்துவிட்டால், ஸ்கேனும் பொருந்தும்போது எலும்பில் ஊசி போட வேண்டிய தேவை பொதுவாக இல்லை. சாதாரண மருந்துக்குக் கட்டுப்படுகிற வகை என்பதும் பெரிய நிம்மதி. கட்டுப்படாத வகை என்றால் வான்கோமைசின் என்ற வேறு ஆன்டிபயாடிக் போட்டு, இரத்தத்தில் அதன் அளவை அடிக்கடி பார்த்து, சிறுநீரகத்தைக் கண்ணும் கருத்துமாகக் காக்க வேண்டியிருக்கும். செஃபசோலினும் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறும், ஆனால் அவ்வளவு கண்காணிப்பு தேவைப்படாது.

எக்கோ கட்டாயம் எடுக்க வேண்டியது. இந்தக் கிருமி இரத்தத்தில் ஓடினால் இதய வால்விலும் ஒட்டிக்கொள்ளும். வால்வில் ஒட்டியிருந்தால் மருந்துக் கணக்கே மாறிவிடும். மேலோட்டமான எக்கோவில் சரியாகத் தெரியவில்லை என்றால் உணவுக்குழாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்க்கச் சொல்லலாம். சொன்னால் பதறாதீர்கள், மயக்கம் கொடுத்துத்தான் செய்வார்கள். கல்ச்சரைத் திரும்ப எடுப்பது, மருந்து தொடங்கிய பிறகு இரத்தத்தில் கிருமி நின்றுவிட்டதா என்று பார்க்க. நின்றுவிட்டது என்று உறுதியாகும்வரை திரும்பத் திரும்ப எடுப்பார்கள்.

ஆறு வாரம் யாரோ குத்துமதிப்பாகச் சொன்னது இல்லை. முன்பெல்லாம் பன்னிரண்டு வாரம்வரைகூடக் கொடுப்பார்கள். பிரான்சில் இரண்டையும் ஒப்பிட்டு ஆய்வு செய்து 2015-இல் வெளியிட்டார்கள். ஆறு வாரம் எடுத்தவர்களும் பன்னிரண்டு வாரம் எடுத்தவர்களும் ஒரே அளவில், ஏறக்குறைய 90 சதவீதம் பேர், குணமாகியிருந்தார்கள். சீழ் வடியாமல் தங்கியிருந்தாலோ வால்வில் பிரச்சினை இருந்தாலோ நீட்டுவார்கள். முழுவதும் ஊசியாகவே இருக்க வேண்டும் என்பதும் இல்லை. கிருமிக்குத் தோதான, எலும்புக்குள் நன்றாகப் போகிற மாத்திரை இருந்தால் நடுவில் மாற்றலாம். அதை மருத்துவர் முடிவு செய்யட்டும், நீங்கள் கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை.

ஊசி நீண்ட நாள் என்பதால் மேல்கையில் நீளமான மெல்லிய குழாய் போடுவார்கள், பிக் லைன் என்போம். அதன் முனை இதயத்துக்கு அருகில் உள்ள பெரிய இரத்தக் குழாய்வரை போகும். அதனால் சுத்தம் மிக முக்கியம். மருந்து ஏற்றும் முன் கையைக் கழுவி, மூடிப்பகுதியை ஸ்பிரிட் பஞ்சால் நன்றாகத் தேய்த்து, காய விட வேண்டும். ஈரம் காய்வதற்குள் அவசரமாகச் செருகுவதை நிறையப் பார்க்கிறேன். காயும்போதுதான் கிருமி சாகிறது. அந்தக் கையில் இரத்த அழுத்தம் பார்க்க விடாதீர்கள். குளிக்கும்போது நனையாமல் மூடுங்கள். குழாய் போட்ட கை வீங்கினாலோ, மருந்து ஏற்றியதும் குளிர் நடுங்கினாலோ உடனே தெரிவியுங்கள்.

சித்தப்பாவிடம் எம்.ஆர்.ஐ. பற்றிப் பக்குவமாகச் சொல்லுங்கள். ஆள் தேறிக்கொண்டிருக்கும்போதே படத்தில் எலும்பு முன்பைவிட மோசமாகத் தெரிவது உண்டு. படம் பின்தங்கித்தான் வரும். அதைப் பார்த்து வீணாகப் பயந்து, தேவையில்லாத மருந்துக்கும் ஆபரேஷனுக்கும் போனவர்கள் இருக்கிறார்கள். நன்றாகத் தேறுகிறவருக்கு வழக்கமாகத் திரும்ப எடுக்க வேண்டாம் என்பதுதான் நடைமுறை. வலி குறைகிறதா, பசி வருகிறதா, சி.ஆர்.பி. இறங்குகிறதா என்று பாருங்கள். சி.ஆர்.பி. சீக்கிரம் இறங்கும், ஈ.எஸ்.ஆர். மெதுவாகத்தான் வரும். நான்கு வாரம் கழித்தும் இரண்டும் இறங்காமல் வலியும் நீடித்தால், அப்போது எம்.ஆர்.ஐ.க்கு அர்த்தம் உண்டு.

தொற்று இருக்கும்வரை சர்க்கரை தாறுமாறாக ஏறும், இன்சுலின் தேவைப்படலாம். அதைக் கட்டுக்குள் வைத்தால்தான் மருந்து முழுதாக வேலை செய்யும். முதுகுக்குப் பெல்ட் கொடுத்தால் எழுந்து உட்காரும்போதும் நடக்கும்போதும் போடட்டும். வலி அடங்கியதும் படுக்கையிலேயே வைத்திருக்காதீர்கள், பிசியோதெரபிஸ்ட் சொல்கிறபடி நடக்க வையுங்கள். கால் தசை கரைவது நாம் நினைப்பதைவிட வேகம்.

டிஸ்சார்ஜ் ஆகும்போது மருந்துச் சீட்டோடு கல்ச்சர் அறிக்கையின் பிரதியையும் கேட்டு வாங்குங்கள். எந்தக் கிருமி, எந்த மருந்துக்குக் கட்டுப்பட்டது என்று அதில் இருக்கும். திரும்ப வந்தால் பெரும்பாலும் முதல் ஓராண்டுக்குள்தான் வரும். புதிதாக முதுகுவலியோ காய்ச்சலோ என்று எந்த மருத்துவரிடம் போனாலும் அந்தத் தாளை முதலில் நீட்டுங்கள், யாராவது அவசரப்பட்டு ஆன்டிபயாடிக் எழுதுவதற்கு முன்னால் இரத்தக் கல்ச்சர் எடுக்கச் சொல்லுங்கள். எக்கோ முடிவு வந்ததும் இங்கே எழுதுங்கள், பார்த்துக்கொண்டிருப்பேன்.